கழுவாமல் வைத்த கறுப்புத் தாள்

என் பெயர் உபைதுல்லா, தகப்பனார் பெயர் ஹுமாயூன், வயது முப்பத்தெட்டு, தண்டையார்பேட்டையில் மனைவி மரியத்துடன் குடியிருக்கிறேன். எர்ணாவூரில் உள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக உலை பார்க்கும் வேலை செய்கிறேன். எங்கள் கூடத்தைச் சுத்தம் செய்யும் பூவம்மா ஆய்வுப் பொருளைத் திருடி வெளியாருக்குக் கொடுத்துவிட்டதாக மேலாளர் லியோனார்ட் கொடுத்த புகார் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் ஞானசெல்வி அவர்களிடம் சொல்வது.

காணாமல் போன பொருள் எது என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அது நாலு விரல் அகலமுள்ள ஒரு கறுப்புத் தாள். காகிதம் அல்ல, கரியாலான நுண்குழாய்கள் படிந்து உண்டானது. தலைமுடி ஒன்றை ஐம்பதாயிரமாகப் பிளந்தால் வரும் தடிமன்தான் ஒரு குழாய்க்கு. அந்தத் தாளையும் கொரோனீன் என்னும் மஞ்சள் தூளையும் கண்ணாடிக் குழலில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி அடைத்து, நானூற்றைம்பது டிகிரியில் மூன்று நாள் வைப்போம். தூள் ஆவியாகி நுண்குழாய்க்குள் நுழையும். அதன் மூலக்கூறுகள் வட்டமானவை, டின்னில் அப்பளம் அடுக்கியதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். திரும்பவும் இடமில்லை, விலகவும் இடமில்லை. சூட்டில் ஓரத்து ஹைட்ரஜனை உதறிவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே நாடாவாகிவிடும். கிராஃபீன் நாடா என்பது அதுதான். இந்தத் தாளுக்குப் பின்னால் ஒன்பது மாத உழைப்பு இருக்கிறது.

நான் கொஞ்சம் கனவுக்காரன். குழம்பு தீயும்போதெல்லாம் மரியம் இதைச் சொல்லிக் காட்டுவாள். உலையின் ஒளித்துளை வழியாகப் பார்த்தால் மங்கிய சிவப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் உள்ளே அவை வரிசையில் நகர்வதும், முன்னால் நிற்பதன் தோளைத் தொடுவதும் எனக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். பல நாள் அப்படியே நின்றிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் குழலை உடைத்துத் தாளை வெளியே எடுத்தேன். அதன் பிறகு தாளின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கரைப்பானில் மூன்று முறை கழுவ வேண்டும். கையுறை நனைந்தால் பேனா பிடிக்க முடியாது என்பதால், முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு கழுவுவது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அதன்படி 'மூன்று முறை கழுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு, கரைப்பான் வாடைக்காக ஜன்னலைத் திறந்து, தாளை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கரைப்பான் எடுக்கப் போகும் வழியில் இரண்டாம் உலையின் ஒளித்துளையில் கண் வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசு வந்து உட்காரும், கறுப்பாக எது கிடந்தாலும் முதலில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பூவம்மாவுக்கு அப்படிச் சொல்லி வைத்தவனும் நான்தான். ஆனாலும் அவர் கேட்காமல் துடைக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று, "பாய், ஜன்னலாண்ட கருப்பா கீது, தொட்ச்சிரட்டா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல், "தொட்ச்சிடுக்கா" என்றேன். ஈரத்துணியில் அந்தத் தாள் கரியாகக் கரைந்து போயிற்று.

பத்து மணிக்கு மேலாளர் தாளைக் கேட்டார். காலியான ஜன்னல் மேடையைப் பார்த்த பிறகுதான் நான் துடைக்கச் சொன்னது எதை என்று எனக்குப் புரிந்தது. நோட்டில் கழுவியதாக இருக்கிறது, பொருள் இல்லை. அந்த அறைக்குள் வந்துபோன வேறு ஆள் பூவம்மா மட்டும்தான் என்று வாசல் கேமரா காட்டியது. அதன் பிறகு போலீசார் வந்து அவரையும் அவருடைய துணிக்கூடையையும் கொண்டுபோனார்கள். அப்போது நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் கிடையாது. மாலையில் அவரை வீட்டுக்கு அனுப்பி, இன்று காலை திரும்பி வரச் சொன்னதாகவும், இன்று கைது செய்து கோர்ட்டுக்கு அனுப்பப் போவதாகவும் கேள்விப்பட்டு வந்தேன்.

நான் சொல்வதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கைப்பற்றிய துணியையும், கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கையும் கொண்டுவரச் சொன்னேன். நிலையத்திலேயே அந்த விளக்கு இருந்தது. ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு விளக்கைக் காட்டினார்கள். சோப்பு பட்ட இடம் நீலமாகத் தெரிந்தது, நிலக்கரி பட்ட இடம் இருட்டாகவே இருந்தது. நடுவில் ஒரு கை இழுத்த வாக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மின்னியது. நிலையத்தில் உட்கார வைத்திருந்த பூவம்மா எழுந்து கிட்ட வந்து, "நாம தெனம் தொடைக்கிற கரிலயா பாய் இது இருந்திச்சி?" என்று கேட்டார்.

உதவி ஆய்வாளர் கேட்டதற்குச் சொன்னேன். நிலக்கரி மின்னாது, ஆகவே பூவம்மா துடைத்தது எங்கள் தாளைத்தான், அது திருடு போகவில்லை. இப்படி மின்னுவது உள்ளே இருக்கும் நாடாவும் அல்ல, வெளியே ஒட்டிய மிச்சம். மூன்று முறை கழுவியிருந்தால் இந்த வெளிச்சம் வந்திருக்காது. என் நோட்டில் இருப்பது பொய்.

துடைக்கச் சொன்னது நான் என்று பூவம்மா நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவரே சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன்."

இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எழுதியதை நானே முழுதும் படித்தேன். சொன்னது அத்தனையும் நடந்தது, நடந்ததில் எதையும் விடவில்லை. கையெழுத்தை இந்த முறை வேலை முடிந்த பிறகு போடுகிறேன்.

(ஒப்பம்) ஹு. உபைதுல்லா