தறியை நிறுத்தும் நேரம்

குமாரபாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் நாத்தனாரும் இருந்தார்கள். தோளை நீவிவிடும் வைத்தியரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

“எனக்கு வலி எப்பவோ போயிருச்சு புள்ள. உங்க அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத.”

“ஏனுங்கண்ணி?”

“தறி ஓடறப்ப நம்மூட்டுல பேச்சுக் கேக்குமா? எல்லாம் கைஜாடைதான். வைத்தியரு நீவிவுடச் சொன்னதுல இருந்து, தெனமும் சாயங்காலம் தறிய நிறுத்திப்போட்டு, தைலம் தேச்சுக்கிட்டே எங்கூடப் பேசிட்டிருக்கறாரு.”

நாத்தனார் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

“நேத்து நீங்க நூல் மூட்டையத் தோள்ல தூக்கிட்டுப் போனதப் பாத்துட்டுத்தானுங்க, அண்ணன் இன்னொரு பாட்டில் தைலம் வாங்கியாறச் சொல்லுச்சு.”