வண்டிய எடுக்க வந்தவன்

தார்ப்பாயத் தொடாத. தொடாதன்னு சொல்றேன்ல? கைய எடு கியாந்தோ. அந்தக் கயிறு நான் கட்டுனது, நான்தான் அவுப்பேன்.

ரிப்பேருக்கா? நீயா? அடேங்கப்பா! பொண்டாட்டி லஸ்மினி தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறா. முந்தாநாள்லேர்ந்து அவள எட்டிப் பாக்க உனக்கு நேரம் கெடைக்கல. வண்டிய எடுக்க மட்டும் காலங்காத்தால வேன் பிடிச்சுக்கிட்டு அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கிற. ரொம்பத்தான் பாசம்.

கத்தாத. நீ கத்துனா எனக்குக் காது கேக்காது, சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். அந்த பெஞ்சுல உக்காரு. காப்பித் தண்ணி கொதிக்குது. சோயா தெம்பே வறுத்து வச்சிருக்கேன், தின்னு. வேன்காரன் நிப்பான், அவனுக்கும் ஒரு கிளாஸ் குடுத்தனுப்புறேன். என்ன மொறைக்கிற? உனக்கு ஆக்கிப் போட்ட கைடா இது. விஷம் வைக்கிற பழக்கம் இந்தக் கைக்கு இல்ல.

என்ன பேசறதா? வண்டியப் பத்தியே பேசுவோம். நீதான் வண்டிக்காக வந்திருக்கியே.

அது எந்த லட்சணத்துல வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பால் பண்ணைக்காரர் தோட்டத்துல கோழி அடைஞ்சுக்கிட்டு இருந்த ஸ்கூட்டர். சீட்டக் கிழிச்சு உள்ள முட்ட வச்சிருந்துச்சு கோழி. பழைய இரும்பு விலைக்கு அத வாங்கி, லஸ்மினி இந்த ரோடு வழியாத்தான் தள்ளிக்கிட்டு வந்தா. நானும்தான் சிரிச்சேன். என்னடி, கோழிக்கூட்டுக்குச் சக்கரம் மாட்டிக் குடுத்துட்டாங்களான்னு கேட்டேன். அவ சிரிக்கல. மூச்சு வாங்குது, முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, அக்கா, இதுல நான் சந்தைக்குப் போவேன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஏன் வாங்குனான்னு நீ சொல்லு. சொல்ல மாட்ட. நானே சொல்றேன். உங்கிட்ட நல்ல பைக் இருக்கு. போறவன் வர்றவனையெல்லாம் பின்னால உக்கார வச்சு மலை எறக்கி விடுறதுதான் உன் பொழப்பு. கட்டுனவ மட்டும் கேரட் கூடைய வச்சுக்கிட்டு ரோட்டோரம் நிக்கணும். இரு, சவாரி இருக்கு. இரு, சிகரெட் முடியட்டும். வெயிலேறி கீரை தொவண்டு போனப்புறம் வந்து ஏத்துவ. அவ நிக்கிறதப் பாக்க உனக்குப் பிடிச்சிருந்துச்சுடா. இல்லைங்காத. இந்த ஜன்னல்லேர்ந்து நான் எத்தன தடவ பாத்திருக்கேன்.

ம், குடி. சூடா இருக்கு, பாத்து.

வீட்டுக்குள்ள கிரீஸ் நாத்தம் வரக்கூடாதுன்னு நீ சொன்னதால என் கொல்லையிலதான் பிரிச்சா. போன்ல வீடியோவ ஓட விட்டுக்கிட்டு, நிறுத்தி நிறுத்திப் பாத்து, ஒவ்வொண்ணா கழட்டுனா. கார்புரேட்டருக்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. பிளக்கு ஒரே கரி. டேங்க்ல துரு. அதுக்குள்ள சங்கிலித் துண்டையும் மண்ணெண்ணெயையும் போட்டு, நானும் அவளும் மாத்தி மாத்திக் குலுக்குனோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, ரெண்டு பேருக்கும் பேய் பிடிச்சிருச்சான்னு கேட்டா. மொத மொதல்ல ஸ்டார்ட் ஆனப்ப கொல்லை முழுக்க வெள்ளப் புகை. நான் இருமிக்கிட்டே கைதட்டுறேன், இவளக் காணோம். போய்ப் பாத்தா குழாயடியில நின்னு கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுறா. என்னடின்னா, கிரீஸ் போகட்டும்க்கா, அப்புறம்தான் ஓட்டிப் பாக்கணும்கிறா.

ஓடுச்சு. ஆனா ஏறல. அதானே அப்ப உனக்குச் சிரிப்பு? சந்தைக்கு எறங்கும்போது ஜோரா எறங்கும், அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கிட்டுத் திரும்பி வர்றப்ப பாதி மலையில மூச்சு விட்டுரும். இவ எறங்கித் தள்ளுவா. நீ பின்னால ஒரு ஆள வச்சுக்கிட்டு ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போவ. தள்ளு தள்ளு, உடம்புக்கு நல்லதுன்னு கத்திட்டுப் போனியாம். அவ சொல்லல. உன் பின்னால உக்காந்திருந்த ஆளே வெக்கப்பட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு.

அப்புறம்தான் அவ எஞ்சினப் பெருசாக்கணும்னு எறங்குனா. இங்க பாரு, இத நல்லாக் கேட்டுக்க. எஞ்சின்ல கை வைக்கிறதுக்கு முந்தி அவ மாத்துனது பிரேக்கு. பிரேக் ஷூ புதுசு. கேபிள் புதுசு. முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு, பழைய சாமான் கடையில இல்ல, புதுசு விக்கிற கடையில வாங்குனா. ஏண்டி இதுக்குப் போயி காசக் கொட்டுறன்னேன். ஏற லேட்டானா பரவாயில்லக்கா, எறங்கும்போது நிக்கணும்ல அப்படின்னா. இறுக்குனா, அவுத்தா, திரும்ப இறுக்குனா. என்னைய சீட்ல உக்கார வச்சு இந்தச் சரிவுல உருட்டி விட்டுப் பிடிக்கச் சொன்னா. பிடிச்சேன். முன்னால போய் விழப் பாத்தேன், அப்படி நின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். சிலிண்டர லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போட்டா. பெல்ட்ட மாத்துனா. பெல்ட்டு ஓடுற வீலுக்குள்ள உருளை உருளையா இருக்குமே, அத எடை கம்மியாப் போட்டா மலை ஏறும்னு எங்கேயோ பாத்துட்டு அதையும் போட்டா. நொறுங்கிப்போன வண்டி ஒண்ணுலேர்ந்து ஷாக் அப்சார்பர் கழட்டிட்டு வந்தா. ஒரு மாசம் அவ நகத்துல கருப்பு போகல. நீ அந்தக் கையால சோறு போடாதன்னு சொல்லித் தட்டத் தள்ளுன.

சரி, கேளு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆனா நாம பேசுனதில்லையே. காப்பிக்கடை வளைவுல நீ ஒரு வாத்தியார ஏத்திக்கிட்டு மேல ஏறுற. பின்னாலேர்ந்து ரெண்டு பக்கமும் கூடை, நடுவுல அரிசி மூட்டை, லஸ்மினி வர்றா. வந்தா, உன்னத் தாண்டுனா, போயிட்டா. ஹாரன்கூட அடிக்கல. கடையில இருந்த உன் கூட்டாளிங்கதான் பெஞ்சத் தட்டிச் சிரிச்சானுங்க. தள்ளு தள்ளு, உடம்புக்கு நல்லதுன்னு அவனுங்க கத்துனப்ப உன் மூஞ்சி போன போக்க நான் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே சுதாரிச்சிருப்பேன்.

உனக்குக் கோவமே இல்ல? நல்லது. அப்ப அன்னைக்குச் சாயங்காலம் அவளோட ஸ்பேனர எல்லாம் கொண்டுபோய்க் கிணத்துல போட்டது யாரு? பூனையா?

அவ திரும்ப வாங்குனா. அதுதான் உன்னால தாங்க முடியல. ஊர்ப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வண்டியத் தள்ளிக்கிட்டு அவகிட்ட வர ஆரம்பிச்சாளுங்க. என் வண்டி ஏற மாட்டேங்குதுடி, என் வண்டி எண்ணெய் குடிக்குதுடின்னு. ஒருத்தன் உன்னப் பாத்து, நீங்கதானே ஸ்கூட்டர் லஸ்மினியோட வீட்டுக்காரருன்னு கேட்டானாம். நீ அவன் சட்டையப் பிடிச்சியாம். போன வாரம் அவ எங்கிட்ட வந்து, அக்கா, உங்க வாசல்ல ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கட்டுமா, போர்டு ஒண்ணு எழுதி வைக்கலாம்னு இருக்கேன்னா. போட்டுக்கடின்னேன். அத உங்கிட்ட சொன்னப்ப நீ என்ன சொன்ன? நீ சொன்னத அப்படியே சொல்றேன். அந்த வண்டியே ஒரு நாள் உன்ன மண்ணுக்குள்ள அனுப்பும்னு சொன்ன.

கோவத்துல சொன்னது. ஆமா. எல்லாப் புருசனும் சொல்றதுதான். ஆமா. இப்பத்தான் கோவமே இல்லன்ன?

இன்னொரு கிளாஸ் ஊத்தவா? மலைக்காத்து, குளுருதோ.

முந்தாநாள் நான் வாசல்ல முட்டைக்கோசு அரிஞ்சுக்கிட்டிருந்தேன். மேலேர்ந்து அவ வண்டிச் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு கொறையும். அன்னைக்குக் கொறையல. அக்கான்னு ஒரே ஒரு கத்தல். நிமிந்து பாத்தா ரெண்டு காலையும் ரோட்டுல தேச்சுக்கிட்டு வர்றா, செருப்பு பறக்குது, எதுத்தாப்ல பால் லாரி ஏறி வருது. நான் அப்படியே கத்தியும் கையுமா நிக்கிறேன்டா. அவ சாதாரணப் பொம்பள இல்ல. எவனா இருந்தாலும் கண்ண மூடியிருப்பான். இவ லாரியப் பாத்தா, பள்ளத்தப் பாத்தா, மூங்கில் புதருக்குள்ள வண்டியத் திருப்பிட்டா. தோள்பட்டையோட போச்சு. லாரிக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. வண்டிய ஆளுங்க இழுத்துக்கிட்டு வந்து இங்க போட்டாங்க, பக்கத்துல என் வீடுதானே.

நீ அப்ப எங்க இருந்த? காப்பிக்கடையில. சேதி வந்ததும் என்ன சொன்ன? பொம்பள கை வச்ச வண்டி, பிரேக்க ஒழுங்கா மாட்டத் தெரியல, நான் அப்பவே சொன்னேன்னு. நேத்து பூரா அதத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நல்லா வேலை செஞ்சுச்சு, கேட்டுக்க. வண்டி குடுத்திருந்த பொம்பளைங்கள்ல பாதிப் பேரு வந்து திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாளுங்க.

அவளும் நம்பிட்டாடா. முந்தாநாள் ராத்திரி நான் போனப்ப கட்டுப் போட்டுப் படுத்துக்கிட்டு, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை இல்ல. நட்ட சரியா இறுக்கலையோக்கா, நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்க்கா, உங்கள உக்கார வச்சு அந்த வண்டிய உருட்டி விட்டேனே, ஏதாவது ஆயிருந்தான்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதா. இனிமே ஸ்பேனரத் தொட மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ண வந்தா. நான் கைய இழுத்துக்கிட்டேன். ஏன் இழுத்தேன்னு அப்ப எனக்கே தெரியல.

வீட்டுக்கு வந்து வண்டி பக்கத்துல குந்துனேன். எனக்கு என்ன தெரியும்? அவ ஸ்பேனர் கேட்டா எடுத்துக் குடுத்தவ, அவ்வளவுதான். பின்னாடி சக்கரத்துக்கிட்ட கேபிள் வர்ற எடத்துல ஒரு ரப்பர் உறை இருக்குமே, அத மேல தள்ளிப் பாத்தேன். கேபிள் அறுந்து தொங்குது. அறுந்த கம்பி எப்படி இருக்கும்? பிஞ்ச தொடப்பம் மாதிரி தலைவிரிச்சு நிக்கும். இதுலயும் ஒரு நாலஞ்சு இழை அப்படித்தான் நிக்குது. மத்ததெல்லாம் ஒரே மட்டம், பளபளன்னு. நகவெட்டியில வெட்டுன மாதிரி.

உக்காரு. காப்பி இன்னும் பாதி கெடக்கு.

எலின்னு நெனச்சேன். நெசமா. எலி கடிச்சிருக்கும், எலியா இருக்கணும், அல்லா, இது எலியா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேதான் முன்பக்கம் போனேன். நீ என் கூடப் பொறந்தவன். அம்மா சாகும்போது உன்ன என் கையிலதான் பிடிச்சுக் குடுத்துச்சு. எலின்னு ஒண்ணு இருந்தா நான் அத எப்படியாவது நம்பியிருப்பேன். முன்னாடி உறையத் தள்ளுனேன். அங்கயும் அதே வெட்டு. வெட்டிட்டு ரப்பரப் பழையபடி இழுத்து மூடியிருக்கு. எலி மூடாதுடா கியாந்தோ.

பேசாத. நான் ஒண்ணும் கேக்கல.

நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவகிட்ட சொன்னேன். மறைக்கலாமான்னு வழியெல்லாம் யோசிச்சேன், உண்மையச் சொல்றேன், யோசிச்சேன். ஆனா அவ ஸ்பேனரத் தொட மாட்டேன்னு சொன்ன மூஞ்சி கண்ணு முன்னால நிக்குது. சொல்லிட்டேன். கத்துவான்னு பாத்தேன், கத்தல. உன் பேரக்கூட எடுக்கல. அப்ப நான் மாட்டுனது சரியாத்தான் இருந்துச்சாக்கான்னு கேட்டா. ஆமாடின்னேன். அப்பத்தான் தலகாணியில நல்லாச் சாஞ்சு படுத்தா.

அப்புறம் போனக் கேட்டா. ஒரு கைதானே, நான் பிடிச்சுக்கிட்டேன், பேசுனது அவதான். வண்டிய யாரும் தொடக்கூடாது, காலையில வந்து எடுத்துக்கிறோம், யாராவது எடுக்க வந்தா பேச்சுக் குடுத்து நிறுத்தி வைங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னாங்க. தார்ப்பாயப் போட்டுக் கட்டிட்டேன். யாரும் வர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். விடிஞ்சதும் நீ வந்து நிக்கிற.

அந்தா, ஜீப்பு வளைவுல திரும்பிருச்சு. எந்திரி. போய் மூஞ்சியக் கழுவு. சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்க பாரு, ஒழுங்காப் போட்டுக்க.