இடது பக்கத்து ஒயர்

– அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணா. இந்தப் பக்கம் வந்து உக்காரு.

– சரி, வந்துட்டேன்.

– ஏன்னு கேக்க மாட்டியா?

– நீயே சொல்லுவே. அர்த்தராத்திரியில தட்டி எழுப்பினது இடம் மாத்தி உக்கார வெக்கவா?

– மெதுவா பேசு. அப்பா முழிச்சுண்டுடுவார்.

– இப்பதான் படுத்தார். பதினோரு மணி வரைக்கும் கரண்ட் வரும் வரும்னு இருட்டுல அந்தப் புது ஸ்டீரியோ ஸ்பீக்கர் முன்னாடியே உக்காந்திருந்தார்.

– அதான் பயமா இருக்கு. நாளைக்கு என்னையும் கூட்டிண்டு போறாராம். 'ஷ்யாமளா, எட்டு மணிக்கு ரெடியா இரு, நல்ல ஒயரா பாத்து வாங்கிண்டு வரலாம்'னார். கடையில உக்காத்தி வெச்சு, எது நன்னா இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

– எப்பவும் சொல்றதுதான். 'இடது பக்கம் மந்தமா இருக்குப்பா.'

– கேலி பண்ணாதே.

– பண்ணலை. சொல்லு.

– யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மா காளி மேல சத்தியம் பண்ணு.

– முதல்ல கேக்கறேன். சத்தியம் அப்புறம்.

– ஒயர்ல ஒண்ணும் இல்லை அண்ணா. ஸ்பீக்கர்லயும் இல்லை. எனக்கு இடது காது கேக்கலை.

– எத்தனை நாளா?

– காளி பூஜைலேருந்து, தீபாவளி ராத்திரி.

– மூணு மாசமா?

– அன்னிக்கு அப்பா கீழே இறங்கக் கூடாதுன்னார் இல்லையா, நீ கூட ஹாஸ்டல்லேருந்து வரலை. மாடி வீட்டு பெங்காலிப் பொண்ணு மிட்டு தீதி கூப்பிட்டா. பந்தல் வரைக்கும்தான், அஞ்சு நிமிஷம்னா. மாடிப்படி முடியற இடத்துல எவனோ சாக்லேட் வெடியைக் கொளுத்திப் போட்டுட்டு ஓடினான். என் தோள்கிட்ட வெடிச்ச மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். ராத்திரி ரேடியோ ஸ்டேஷன் மூடினப்புறம் வருமே, அது மாதிரி. காத்தால சரியாயிடும்னு படுத்துண்டுட்டேன்.

– சரியாகலை.

– இரைச்சல் போச்சு. அதோட எல்லாம் போச்சு. எனக்கு முதல்ல தெரியவே இல்லை அண்ணா, சத்தியமா. ஆத்துல எல்லாரும் கத்திண்டேதானே பேசறோம். ஸ்டீரியோ வந்தப்புறம்தான் தெரிஞ்சது.

– அப்பா நாற்காலிக்குச் சாக்பீஸால கோடு போட்டாரே, அன்னிக்கா?

– அன்னிக்கு ஒயர்தான் சரியில்லைன்னு நானும் நெஜமாவே நெனச்சேன். அப்பாதான் ரூல் போட்டாரே. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, கோடு மேல நாற்காலியைப் போட்டு உக்காரணும், கண்ணை மூடிக்கணும். 'கண் பாத்தா காது சோம்பேறி ஆயிடும்.'

– அவர் காதாலயே கேட்டுண்டிருக்கலாம்.

– 'எனக்கு அம்பத்திநாலு வயசு. இந்த ஆத்துல சுத்தமான காது ஷ்யாமளாவுதுதான்'னார். நான் இடது மந்தம்னேன். முதல்ல மாட்டின காலிங் பெல் ஒயர் ரொம்ப சன்னம்னு டேபிள் ஃபேன் ஒயரை வெட்டினார். ரெண்டையும் ஒரே நீளத்துக்கு, அங்குலம் பிசகாம. பிளஸ் முனைக்கு அம்மாவோட சிவப்பு நூலைக் கட்டினார். கண்ணைத் திறந்தா அந்த நூல்தான் தெரியும். எனக்கு அழுகையா வரும்.

– அப்புறம் நான் சாந்தினி பஜார்ல வாங்கிண்டு வந்த தடி ஒயர்.

– அதுக்கும் இடது மந்தம்னேன். அப்ப ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி மாட்டினார், ஞாபகம் இருக்கா?

– இருக்கு. அப்பவும் நீ இடதுன்னே.

– அன்னிக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒயர் மாறினா கோளாறும் கூடவே மாறணும் இல்லையா? மாறலை. பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திண்டு வலது காதைப் பொத்திண்டேன். குழாயிலேருந்து தண்ணி கொட்டறது. சத்தமே இல்லை.

– அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடீ.

– எப்படிச் சொல்லுவேன்? மார்ச்ல ரேடியோ ஆடிஷன். பாட்டு மாமி, தம்பூராவுக்கு ஸ்ருதி சேக்கறதுக்கு என்னைத்தான் கூப்பிடறா. அப்பா ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்கார், பொண்ணு பாடப் போறாள்னு. அவர் பேச்சைக் கேக்காம இறங்கிப் போனேன், காது போச்சுன்னு எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொல்றது?

– திட்டுவார்னா பயம்?

– திட்டினாத் தேவலை. திட்ட மாட்டார். பேசாம இருந்துடுவார். அதான் போன ஞாயித்துக்கிழமை ஒரேயடியா முடிச்சுடலாம்னு, 'இப்ப ரெண்டும் சமமா இருக்குப்பா, ரொம்ப நன்னா இருக்கு'ன்னுட்டேன்.

– கேட்டேன். நானும் அங்கதானே இருந்தேன், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால.

– சந்தோஷப்படுவார்னு பாத்தேன். செட்டை அணைச்சுட்டு பால்கனிக்குப் போயிட்டார். சாப்பிடக்கூட வரலை. அதுதான் புரியலை. சமமா இருக்குன்னு சொன்னப்புறம் நாளைக்கு எதுக்குப் புது ஒயர்?

– ஷ்யாமு, நாளைக்கு என்ன கிழமை?

– ஞாயித்துக்கிழமை.

– ஞாயித்துக்கிழமை சாந்தினியில எந்த ஒயர் கடை திறந்திருக்கு?

– அப்ப எங்க கூட்டிண்டு போறார்?

– பவானிபூருக்கு. ஒரு காது டாக்டர், வீட்டுலயே பாக்கறார். அப்பா பாங்க்கிலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணி நேரம் வாங்கியிருக்கார். உன்கிட்ட சொன்னா ராத்திரி நீ தூங்க மாட்டியேன்னு ஒயர் வாங்கப் போறதாச் சொல்லியிருக்கார்.

– அவருக்கு யார் சொன்னா? உன்கிட்டயே இப்பதானே சொல்றேன்.

– நீதான் சொன்னே. ரெண்டும் சமமா இருக்குன்னியே, அப்ப இடது பக்கத்து ஒயர் மாட்டியே இல்லைடீ. அப்பா அதைக் கழட்டி என் கையில குடுத்திருந்தார்.