பச்சை மைக்கு ஒரு நகை

"கழுத்துல போட முடியாத நகைய வாங்கிட்டு வாரமே, ஊட்டுல கேட்டா என்ன சொல்றது?"

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சிரித்தபடி கேட்டார். தலைமையாசிரியை ஆகியிருந்த அவருக்குச் சங்கிலி வாங்கத்தான் போனார்களாம். மனைவியோ நகைக்கடையிலேயே செய்த, சிவப்புக்கல் பதித்த மைப்பேனாவை எடுத்துவிட்டார்.

"இனிப் பச்ச மையில கையெழுத்துப் போடற ஆளுங்க நானு. அதுக்கேத்த நகை இதுதான்."

"பொட்டியிலயே வெச்சுக்க கண்ணு, தேஞ்சு போயிரும்."

"எழுதுனாத்தானுங்க அழகு. கையக் காட்டுங்க."

கணவரின் உள்ளங்கையில் கையெழுத்திட்டார்.

"தங்க முள்ளு, கூசவே இல்ல பாரு!"

நடத்துனர் பயணச்சீட்டை நீட்டினார். கணவர் அதை வாங்க இடக்கையை நீட்டியதும் நடத்துனர் முறைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. சோத்துக்கையில எம்பட ஊட்டுக்காரம்மா கையெழுத்துங்க, இன்னுங் காயல."