கதையில் குதிரை கிடையாது

முதலில் என் கண்ணில் பட்டது பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பென்சில் வரி என்று சொல்லத் தொடங்கினேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அக்கா, பெயர், வயது, விலாசம் எல்லாம் வந்த பிறகுதான் மற்றது என்று சொன்னதால் அதை முதலில் சொல்கிறேன்.

என் பெயரை மேலே நானே எழுதியிருக்கிறேன். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது, கேட்டால் பதில் வராது என்பது காரணம். வயது பதினேழு. இஸ்திரிக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் அம்மாவுடனும் அண்ணனுடனும் இருக்கிறேன். கடை அம்மாவுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். பைண்டிங் பட்டறையில் தாள் மடித்து, தைத்து, பசை போடும் வேலை பார்க்கிறேன். நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைத் திருடியதாகக் கடைக்காரர் புகார் சொன்னதால் இன்று இங்கே கூட்டி வந்தார்கள். எனக்கு வயது குறைவு என்பதால் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பட்டறையில் மற்றவர்களுடைய புத்தகங்களை மடிக்கும்போது, கண்ணில் பட்ட ஒரு வரிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொள்வேன். அப்படித்தான் ஒரு கதை வந்தது. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைக்கும் அறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணையும், யாருமே தேடி வராத ஒரு பெட்டியையும் பற்றிய நாவல். சாப்பாட்டு நேரத்தில் பட்டறையின் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அடிப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு முதலாளியம்மாவிடம் காட்டினேன். அவர் இரண்டு நாள் எடுத்துப் படித்தார். அதன் பிறகு, வெட்டி மிஞ்சிய தாள்களை எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சு இயந்திரம் சும்மாதான் நிற்கிறது என்றார்.

தாள்கள் பலவிதமாக இருந்ததால் என் புத்தகம் பாதி வெள்ளையாகவும் பாதி மஞ்சளாகவும் வந்தது. மடித்தது, தைத்தது, அட்டை ஒட்டியது எல்லாம் நான். அட்டையைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா, “பேரு எங்கடி?” என்று கேட்டார். போடவில்லை என்றேன். “பெத்தவ யாருன்னு சொல்லாம புள்ளைய ரோட்டுல விடுவியா?” என்று திட்டினார். பெயரைப் போட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அதனால் அட்டையில் தலைப்பு மட்டும் இருந்தது. இன்று நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

அதன் பிறகு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வேலை முடிந்து கடை கடையாகப் போனேன். ஒரு கடைக்காரர் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, “கனமாத்தான் இருக்கு” என்று வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது அது ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் இருந்தது. வீட்டில் அண்ணன், “எழுத்தாளர் மேடம், ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா, இல்ல அதையும் எழுதித்தான் குடுப்பீங்களா?” என்பான். மருத்துவமனை வாசலில் ஒரு நர்ஸ் ஒன்று வாங்கினார். மறுநாள் அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்து, தங்கைக்கு என்று இன்னொன்று கேட்டார். அன்று வீடு வரை ஓடியே போனேன். அதன் பிறகு இணையத்திலும் போட்டேன். அங்கே ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, முடிவு பிடிக்கவில்லை என்று எழுதினார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, முடிவு பிடிக்கவில்லை என்றால் முடிவு வரை படித்திருக்கிறார் என்று தோன்றியது. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு பிரதியில் மட்டும், நடுவில் இரண்டு தாள்களை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தால் கிழிந்துவிடும். எறிய மனம் வரவில்லை. அதனால் அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால், “அடுத்த தாளை விட்டுவிட்டு அதற்கடுத்ததை முதலில் படிக்கவும். மாற்றி வைத்தது நான்தான். மன்னிக்கவும்” என்று எழுதினேன். காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று அதை முடி வெட்டும் கடையில் சும்மா கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டபோது முடி வெட்டுகிறவர், “யாரோ சுட்டுட்டுப் போயிட்டாங்கம்மா” என்று வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை. சினிமாப் பத்திரிகையெல்லாம் அங்கேயே கிடக்க, என் புத்தகத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாமா இங்கே சொல்வாய் என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

இன்று காலை பட்டறைக்கு நூல்கண்டு வாங்கப் பேருந்து நிலையத்தின் பக்கம் போனேன். நடைபாதையில் புத்தகம் பரப்பியிருக்கும் இடத்தில் ஒருவர் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் பேருந்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் அவர் தலையைத் தூக்கவில்லை. பேருந்து நகரத் தொடங்கிய பிறகுதான் புத்தகத்தை விரித்தபடியே போட்டுவிட்டு ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டார். அப்படி என்னதான் புத்தகம் என்று குனிந்தேன். ஓரத்தில் அந்தப் பென்சில் வரி இருந்தது. என் கையெழுத்து. ‘மன்னிக்கவும்’ என்று எழுதும்போது முனை உடைந்து இழுத்துக்கொண்ட கோடுகூட அப்படியே இருந்தது. விரலால் தேய்த்தேன், அழியவில்லை. அச்சாகியிருந்தது. அடுத்த பிரதியை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. தாள்கள் இரண்டும் எல்லாவற்றிலும் அதேபோல முன்பின்னாகவே இருந்தன. அட்டையில் பாய்ந்து ஓடும் ஒரு குதிரை. தலைப்பு வேறு. கீழே பேராசிரியர் என்று போட்டு யாரோ ஒருவருடைய பெயர். என் கதையில் குதிரை கிடையாது.

கோபம் வந்ததா என்று போலீஸ் அக்கா கேட்டார். வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. என் முழங்கால் உயரத்துக்கு என் புத்தகம் அடுக்கியிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர், “வாங்குறியா, வைக்கிறியா? நல்லா போகுது, நேத்து ஒரு கட்டு பிரிச்சேன், காலி” என்றார். அதைக் கேட்டதும் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒரு பிரதியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தேன். பணம் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பின்னால் “திருடி, புடிங்க” என்று கத்தினார்கள். அதன் பிறகு ஓடினேன். சிக்னலுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சார் வரும் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் புத்தகம் எத்தனை பக்கம், என்ன அடையாளம் என்று குறித்துக்கொள்ளப் போலீஸ் அக்கா அதைப் பிரித்தார். குறித்த பிறகும் அவர் மூடவில்லை. அதற்குள் அம்மா, கையில் பாதி மடித்த யாரோ ஒருவருடைய சட்டையோடு ஓடி வந்தார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் சார் வந்து என்னிடம் கேட்டார். என் புத்தகம் சார் என்றேன். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது. கடைக்காரர், “கட்டா வருது, விக்கிறேன், எழுதினது யாருன்னு எனக்கென்ன சார்? ஆனா இந்தப் பொண்ணு எழுதினதுன்னா, அந்தக் குதிரைய ஓட்டுனது நான்தான்” என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், “பாப்பா, புத்தகத்துக்கு உள்ளதக் குடுத்துட்டு அம்மாவோட கிளம்பு. அவரும் புகார வாபஸ் வாங்கிக்குவாரு. எழுத ஆரம்பிச்சா உன் பேரு, வீடு எல்லாம் வரும். நாளைக்கு கோர்ட்ல நின்னு நாலு பேருக்கு முன்னால சொல்லணும். சொல்லுவியா?” என்று கேட்டார். அம்மா அதற்குள் எழுந்து என் கையைப் பிடித்து, “வாடி போகலாம், மானம் போகுது” என்று இழுத்தார். கொடுத்துவிட்டுப் போனால் என் புத்தகம் அந்தப் பேராசிரியருடையதாகவே இருந்துவிடும் என்று நினைத்தேன். “சொல்லுவேன் சார், எழுதுங்க” என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. அம்மா கையை விட்டுவிட்டார்.

புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் வரி என் கையெழுத்து என்று காட்டினேன். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் சார் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, பார்க்காமல் அந்த வரியை எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் தாளைப் புத்தகத்தில் இருந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். “அப்ப குதிரை எதுக்குப் போட்டானுங்க?” என்று கேட்டார். அதன் பிறகு கட்டு எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாக எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் புத்தகம் என் பெயரோடு வர வேண்டும், குதிரை வேண்டாம். இதுதான் என் கோரிக்கை.

அம்மா என் கதையை இதுவரை படித்ததில்லை. இப்போது போலீஸ் அக்காவிடம் மெதுவாக, “நல்லா இருக்கா?” என்று கேட்டார். அக்கா, “இருங்கம்மா, பெட்டியத் திறக்கப் போற நேரத்துல சார் கூப்பிட்டுட்டாரு” என்றார். பெட்டியில் என்ன இருந்தது என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை.

யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. சில இடங்களில் மட்டும் ‘அந்தப் புத்தகம்’ என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘என் புத்தகம்’ என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடங்களில் ஓரத்தில் இனிஷியல் மட்டும் போட்டால் போதும் என்றார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் என் பெயரை முழுதாக எழுதினேன்.