கொஞ்சம் உப்பு

இந்த டம்ளரை யாராவது கொஞ்சம் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளிம்புவரை ஊற்றி வைத்திருந்தாள் என் ஓரகத்தி வசந்தாமணி. எதையும் அளவாகச் செய்யத் தெரியாது அவளுக்கு.

எதிரே விசாரிக்க வந்த எஸ்.ஐ. அம்மா. அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை.

மல்லசமுத்திரம் பக்கத்தில் கடல்பாசி வளர்ப்பவள் நான் ஒருத்திதான். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. தொட்டியில் போர்த் தண்ணீரை நிரப்பி, மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து, பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் கொதிகலன் கக்கும் கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுவந்து விட்டால், குடித்துக் குடித்துப் பச்சையாகத் தடிக்கும். அதிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுப்பார்கள். புகை தின்னும் பிள்ளைகள். பசிக்கிறது என்று அழாது.

"தொட்டித் தண்ணிய மாத்தறப்ப வெயில்ல காய உடோணுங்க. மண்ணுக்குள்ள மட்டும் எறங்கிரக் கூடாதுங்க" என்று கம்பெனிக்காரத் தம்பி மணிமாறன் சொல்லியிருந்தார். தார்ப்பாய் விரித்துப் பாத்தி கட்டினேன். நன்றாகத்தான் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு கொழுந்தனார் வீட்டில், வசந்தாமணியின் பேரனுக்குப் பெயர் வைத்த விருந்து. பந்தியில் அத்தனை பேர் நடுவில் கொழுந்தனார் அண்ணியான என்னைக் கேட்டார். "ஏனுங்க நங்கையா, ஊர்ல பொம்பளைங்க தொட்டியில பாசி புடிச்சாத் தேச்சுக் கழுவறாங்க. நீங்க சோறு போட்டு வளக்கறீங்களாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கேலிதான்.

மறுநாளிலிருந்து தொட்டித் தண்ணீரை வேலியோரம் வறண்டு கிடந்த பழைய போர்க்குழிக்குள் விட்டேன். அந்தப் பக்கம் சரிவு. அவருடைய கிணறு கீழே. வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சுத்தமாக வேலை செய்பவள் நான்.

முதலில் அவர்கள் வெண்டை கருகியது. பிறகு எருமை தண்ணீரில் வாய் வைக்காமல் திரும்பியது. மனிதர்கள் அப்படியில்லை. எங்கள் பக்கத் தண்ணீர் எப்போதுமே உவர்ப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் நாக்கு பழகிக்கொள்ளும். குழம்பு இப்போதெல்லாம் ருசியாக வருகிறது என்று வசந்தாமணியே ஒருநாள் சொன்னாள்.

அவள் மருமகள் கிருத்திகா அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பிள்ளைக்குப் பால்மாவு கரைத்தாள். காய்ச்சினால் உப்பு போகாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளை தாகத்தில் அழுதான். பசி என்று நினைத்து இன்னும் கரைத்துக் கொடுத்தாள். ஒருநாள் என் மடியில் போட்டார்கள். தட்டிக் கொடுத்தேன், தூங்கிவிட்டான். இப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான். எழுப்பத்தான் முடியவில்லையாம்.

"கொழந்த குடிக்குதுன்னு தெரிஞ்சுமா நிறுத்தல?" எஸ்.ஐ. அம்மா கேட்டார்.

"கொழந்தைய நான் ஒண்ணும் பண்ணலைங்க. கேலி பேசுனவருக்குத்தானுங்க. அதுவும் கொஞ்சம் உப்பு. உப்பு யாரை என்னங்க பண்ணீரும்?"

வசந்தாமணி அழவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க கெணத்துத் தண்ணிதானுங்க அக்கா. கொஞ்சம் உப்புத்தானுங்களே. ஒரு வாய் குடிங்க."

நான் அதைச் சிந்தாமல் அவள் பக்கமே தள்ளி வைத்தேன்.

"எனக்குத் தாகமில்ல, சாமி."