இரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓடட்டும்

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை யாரும் ஒழுங்காக இழுப்பதில்லை. முதலில் மெதுவாக இழுத்து, உள்ளே பிடிக்கிற இடம் கைக்குத் தெரிந்த பிறகுதான் வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்த கயிற்றை அப்படியே விட்டுவிடவும் கூடாது. கையோடு கொண்டுபோய் உள்ளே விட வேண்டும். பதினெட்டு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆள் கேட்டதில்லை. கயிறு அறுந்ததும் என்னிடமே தூக்கிக்கொண்டு வந்து, மிஷின் சரியில்லை என்பார்கள்.

சார், வாக்குமூலத்தை நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். நான்தான் பேப்பர் கேட்டேன். வாயால் சொன்னால் எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு ‘ஆத்திரத்தில்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிடுவார். எனக்கு ஆத்திரம் வரவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் திருமலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே திரும்பும் இரண்டாவது தெருவில் வீடு, வீட்டை ஒட்டி ஷெட். சின்ன பெட்ரோல் இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மருந்து அடிக்கிற மிஷின், களை எடுக்கிற மிஷின், பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர்களின் ஜெனரேட்டர், புல் வெட்டுகிற பிரஷ் கட்டர், எல்லாம் என்னிடம்தான் வரும். கார் இன்ஜின்போல இதற்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். சிலிண்டரைச் சுற்றி வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கும். காற்று அவற்றுக்கு நடுவில் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தச் சந்துகளில் புல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டால் இன்ஜின் வெந்துபோகும். வாரம் ஒருமுறை ஒரு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும். அதற்குக்கூட ஜனங்களுக்கு உடம்பு வணங்காது.

என் மனைவி எழிலரசிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நல்லவள், கவனம்தான் கம்மி. நான் அவளை அடித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் எழுதுவதற்கு நான் பேப்பர் கேட்கவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் ஒருமுறைகூட அடித்ததில்லை. முகத்தில் அடித்ததில்லை. எங்கள் மகள் பூஜா எதிரில் அடித்ததில்லை, அவளை முதலில் கடைக்கு அனுப்பிவிடுவேன். தீபத் திருவிழா பத்து நாளும் கையை ஓங்கியதுகூட இல்லை. அடித்து முடித்ததும் அவளை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எதற்காக அடித்தேன் என்று நிதானமாக விளக்கிச் சொல்வேன். எத்தனை பேர் வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆனி மாதத்தில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். பிரஷ் கட்டரில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்குத் தனியாக ஆயில் ஊற்றுகிற இடம் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் வறண்டு, சூடேறி, சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். அதனால் ஷெட்டில் இரண்டு கேன் வைத்திருந்தேன். வெள்ளை கேனில் வெறும் பெட்ரோல். நீல கேனில் ஆயில் கலந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அன்று பக்கத்து நிலத்துக்காரர் மணிவேல் தன் வரப்புப் புல்லை வெட்டித் தரச் சொல்லியிருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டேங்கை நிரப்பி வைக்கும்படி எழிலரசியிடம் சொன்னேன், அவளும் நிரப்பி வைத்தாள். கட்டரை எடுத்துப் போய்க் கால் மணி நேரம் வெட்டியிருப்பேன். இன்ஜின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிஸ்டன் ஜாம்.

கட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூஜாவைப் பால் வாங்க அனுப்பினேன். எந்தக் கேனிலிருந்து ஊற்றினாய் என்று எழிலரசியைக் கேட்டேன்.

“நீல கேன்லருந்துதாங்க ஊத்தினேன். சாமி சத்தியமா.”

தப்பு செய்தால் நான் பொறுத்துக்கொள்வேன். பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஓர் இன்ஜின் எவ்வளவு சூடானால் ஜாம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியட்டும் என்று, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தொடவில்லை. நான் அவள் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை அந்தத் தகடுகளின்மேல் வைத்து அழுத்தினேன். பத்து வரை எண்ணினேன், நிதானமாகத்தான். எண்ணி முடிக்கிற வரைக்கும் அவள் ‘நீல கேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிவாதம் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் பைக்கில் அழைத்துப் போனேன். தோசைக்கல்லில் கை வைத்துவிட்டதாக அவளாகவே சொன்னாள். அப்படிச் சொல்லும்படி நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. காயம் ஆறியது. ஆனால் உள்ளங்கையில் ஆறு கோடுகள் வரிசையாக நின்றுவிட்டன. அந்தக் கையை அவளால் முழுசாக விரிக்க முடியாது. வேலைக்கெல்லாம் இடது கையைப் பழக்கிக்கொண்டாள். வேலை நடந்தால் சரி.

ஆவணியில் பூஜா வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண்ணின் தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து தன் கையால் குச்சு கட்ட வேண்டும். அந்த ஓலைக் குடிசையில்தான் சடங்கு நாள்வரை பெண் இருப்பாள். வேறு யார் கட்டினாலும் செல்லாது. எழிலரசிக்கு ஒரே தம்பி, தருமன். கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஓட்டினான் என்று எழுத வேண்டும்.

அவன் வருவதற்குள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கட்டரை எடுத்தேன். சென்னையிலிருந்து புது சிலிண்டரும் பிஸ்டனும் வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. முந்தின நாள்தான் பூட்டி முடித்திருந்தேன். அதற்கு அதுதான் முதல் ஓட்டம். புது பிஸ்டனுக்கு முதல் டேங்க் முழுக்கப் பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் கொடுக்கக் கூடாது. பெட்ரோலை ஒரு குளிர்பான பாட்டிலில் நானே அளந்து, ஆயில் விட்டுக் குலுக்கி ஊற்றினேன். நீல கேனை எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலை பத்து மணிக்குத் தருமன் ஓலைக் கட்டுகளோடு வந்து இறங்கினான். எழிலரசி அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கையால் நீட்டினாள்.

“இன்னாக்கா, நல்ல நாளும் அதுவுமா எடது கைல குடுக்கற?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கேட்டுக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினான். அப்புறம் சிரிக்கவில்லை. தோசைக்கல் என்று சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். அவன் இன்ஜினோடு பிழைக்கிறவன். தோசைக்கல்லில் கோடு கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். ஷெட் பக்கம் ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

எழிலரசி உள்ளே போய்விட்டாள். அவன் நான்கு குச்சி நட்டு, ஒரு பக்கத்துக்கு ஓலை கட்டினான். பிறகு கட்டுக் கம்பி எடுக்க ஷெட்டுக்குப் போனான். கம்பி வாசலிலேயேதான் தொங்குகிறது, ஆனாலும் அவன் வெளியே வர நேரமாயிற்று. நான் அந்த நேரத்தில் பிளேடில் சுற்றியிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வந்து என் எதிரில் நின்றான்.

“சடங்கு முடிஞ்சதும் அக்காவையும் பூஜாவையும் இட்டுனு போறேன் மாமா.”

“போயிட்டு வரட்டும்,” என்றேன்.

“வரமாட்டாங்க மாமா.”

குடும்பத்தைப் பிரிக்கிற பேச்சு. நீங்களே சொல்லுங்கள், பொண்ணு கொடுத்த வீட்டில் நின்றுகொண்டு, அதுவும் சுப காரியத்துக்கு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா அது. அப்போதும் நான் புல்லைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னும் சிலது பேசினான். பிறகு அக்காவைக் கூப்பிட வீட்டுப் பக்கம் திரும்பினான்.

நான் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. வேலை சுத்தமாக இருந்தால் அப்படித்தான் பிடிக்கும். ‘அக்கா’ என்று அவன் கத்தியது எனக்கு வாயசைவில்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்தில் சமையலறையில் இருந்தவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

இதை விபத்து என்று சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்கு வக்கீல் பிடித்துத் தர வந்தவர்கள் சொன்னார்கள். அது வேலை தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு. பிரஷ் கட்டர் ஸ்லோவில் ஓடும்போது பிளேடு சுற்றாது. ஆக்ஸிலேட்டரை விரலால் அழுத்தினால்தான் சுற்றும். நான் அழுத்தினேன். பாதிதான் அழுத்தினேன், புது பிஸ்டன். புல் வெட்டுகிற உயரத்திலிருந்து பிளேடைத் தூக்கி அவன் தொடைக்குக் கொண்டுபோனேன். ஈரப் புல்லில் பிளேடு கொஞ்சம் திணறும் தெரியுமா, அதே மாதிரி கையில் ஓர் அதிர்வு வந்தது, அவ்வளவுதான். அவன் விழுந்தான். இரண்டாவது முறை கொண்டுபோனபோது கையால் தடுத்தான். விரல்கள் ஓலைக் கட்டின்மேல் விழுந்தன. ரத்தம் நான் நினைத்ததைவிட ஜாஸ்தி. என் பூட்ஸுக்குள் இறங்கியது.

எழிலரசி எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. தம்பிமேல் விழுந்து, புடவைத் தலைப்பைக் கிழித்துத் தொடையில் கட்டப் பார்த்தாள். அந்த வலது கையால் முடிச்சை இறுக்க முடியவில்லை. என்னைப் பார்த்து என்னமோ கத்தினாள். வண்டியை எடுக்கத்தான் சொல்லியிருப்பாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

காற்றில் ஆறுகிற இன்ஜினை வேலை முடிந்த சூட்டோடு படக்கென்று நிறுத்தக் கூடாது. விசிறி நின்றுவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு நிமிடமாவது ஸ்லோவில் ஓடவிட்டு அப்புறம்தான் நிறுத்த வேண்டும். முதல் ஓட்டம் என்றால் அதுகூடக் கம்மி. ஓடவிட்டேன். அதற்குள் மணிவேல் வேலியைத் தாண்டி ஓடிவந்து, எழிலரசி கட்டிய முடிச்சை இறுக்கினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தருமன் போய்விட்டான். அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது அழுத்திக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கலாம், அது அவர் வேலை.

குச்சு பாதியில் நிற்கிறது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் வேங்கிக்காலில் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்ல வேண்டும். பூஜாவுக்குக் குறை எதுவும் இருக்கக் கூடாது. எழிலரசியும் இப்போது கோபத்தில்தான் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவள், எனக்கு இருந்த காரணத்தை யோசித்துப் பார்த்தால் வந்துவிடுவாள்.

இத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் ஆட்கள் ஷெட்டிலிருந்து இரண்டு கேனையும் எடுத்துப் போவதைப் பார்த்தேன். பரிசோதனைக்கு அனுப்பினால் எப்படியும் தெரிந்துவிடும். வேலை தெரிந்தவன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

தருமன் இன்னும் சிலது பேசினான் என்று எழுதினேன் அல்லவா. அவன் பேசியது இதுதான்.

“ரெண்டு கேனையும் தெறந்து பாத்தேன் மாமா. நீலத்துலயும் வெறும் பெட்ரோல்தான் கீது. ஆயில் கலந்தா நெறம் மாறுமில்ல? அக்கா சரியாத்தான் ஊத்திக்கீது. கலக்காம வெச்சது நீங்க. இத மொதல்ல அக்காகிட்ட சொல்லணும்.”

அதைச் சொல்லத்தான் அவன் அவளைக் கூப்பிடத் திரும்பினான். கூட்டிக்கொண்டு போவதென்றால் போகட்டும் என்றுதான் இருந்தேன். அதற்காக நான் கயிற்றை இழுக்கவில்லை.

நீல கேனை நிரப்பியது நான்தான். பெட்ரோலை ஊற்றிவிட்டு ஆயில் பாட்டிலைக் கையில் எடுத்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அன்று சாயங்காலம் எழிலரசியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டப் போனேன். சீல் உடைக்காத ஆயில் பாட்டில் அலமாரியில் இருந்தது. பிறகு உள்ளே போய், இனிமேலாவது பார்த்து ஊற்று என்று அவளிடம் சொன்னேன். சரிங்க என்றாள். அதற்கப்புறம் நான் நீல கேனைத் தொடவில்லை.

மேலே எழுதியது அத்தனையும் என் சம்மதத்தோடு எழுதியது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சார். இந்தக் கடைசிப் பக்கத்தை எழிலரசிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நான் அவளைக் காரணம் இல்லாமல் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.